கணவாய்க்கு அப்பால் கல், இப்பால் மரம்

தோவாளைப் பூச்சந்தையிலிருந்து மேற்கே போகப் போக மழை கூடும். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காற்றும் பொட்டலும்தான். தென்கோடியின் பழைய பள்ளிவாசல்கள் இரண்டு வகையாகப் பிரிந்ததில் இந்த மழைக்குப் பெரிய பங்கு உண்டு. மேற்கே சரிவான கூரையும் தேக்கும். கிழக்கே தட்டையான தளமும் கருங்கல்லும். இரண்டையும் கட்டியவர்கள் கோயில் கட்டிய அதே தச்சர்கள், அல்லது அவர்களுடைய தொழிலறிவில் வளர்ந்தவர்கள். அரபு நாட்டு வணிகன் பணம் கொடுத்தான். எப்படிக் கட்டுவது என்று உள்ளூர்க்காரன் தீர்மானித்தான்.

மேற்குக்குச் சரியான உதாரணம் கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளி. 14ஆம் நூற்றாண்டில் நாகுதா மிஷ்கால் என்ற கப்பல் முதலாளி கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் அடுக்கடுக்கான கூரையோடு கேரளக் கோயில் போலவே இருக்கும். 1510 ஜனவரியில் போர்த்துகீசியர்கள் நகரத்தைத் தாக்கியபோது இதற்கும் தீ வைத்தார்கள். 1571இல் கோழிக்கோட்டுக்கு அருகே சாலியத்தில் அவர்களுடைய கோட்டை விழுந்தது. அதன் பிறகு, 1578-79இல், பள்ளி மீண்டும் எழுந்தது. எரிந்த உத்தரத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம் என்பது மரக்கட்டடத்தின் பலம்.

கிழக்குக் கரையில் கதை வேறு. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கின, முத்து ஏறிப் போனது. அந்தக் கரையின் பள்ளிகளைக் கல்லுப்பள்ளி என்பார்கள். உயர்ந்த அதிட்டானம் (அடிப்பீடம்), வரிசை வரிசையாகத் தூண், அதன் தலையில் பூமுனைப் போதிகை. தெய்வ உருவங்கள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் கொடியும் தாமரையும் கோலம் போன்ற கட்டங்களும் வந்திருக்கும். காலத்தால் பிந்தியதானாலும், வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கீழக்கரை ஜும்ஆ பள்ளியில் இந்த மரபைக் கண்ணாரக் காணலாம்.

இந்தக் கட்டடங்களைவிட வியப்பான சாட்சி ஒரு பெருமாள் கோயிலில் இருக்கிறது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புல்லாணி. அங்கே 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் சோனகச் சாமந்தன் (முஸ்லிம் தலைவன்) எடுப்பித்த பிழார்ப்பள்ளிக்கு நிலம் இறையிலியாக, அதாவது வரியில்லாமல், விடப்பட்டதைச் சொல்கிறது. பள்ளிவாசலின் சொத்துப் பத்திரம் பெருமாள் கோயில் கல்லில்! கல்லில் வெட்டி வைத்தால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் வெட்டு என்பது அந்தக் காலத்து நடைமுறை. கோழிக்கோட்டு முச்சுந்திப் பள்ளியிலும் அதே நூற்றாண்டில் அரசன் கொடுத்த நிலத்தைப் பற்றி அரபிலும் வட்டெழுத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குமரி மாவட்டம் இந்த இரண்டு மரபுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் திருவிதாங்கூர்-கொச்சிதான். மழைக் கணக்குப்படி பார்த்தால் மேற்குக் கடற்கரைத் தேங்காய்ப்பட்டினத்தில் மரப்பள்ளி இருந்திருக்க வேண்டும். எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த அந்த ஊரில் நிற்பது கருங்கல் பள்ளி. கேரளக் கரைக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் மாலிக் இப்னு தீனார் வழியில் வந்தது என்று ஊரார் சொல்வார்கள்; அது மரபு, அதை மரபாகவே வைத்துக்கொள்ளலாம். கணவாய்க் கோடு அவ்வளவு கறாரானதல்ல என்று காட்ட அந்தக் கல்லே போதும்.

இப்படிப்பட்ட கட்டடங்கள் இன்று அழிவதற்குப் பகை தேவையில்லை, பாசமே போதும். ஊர் பெருகுகிறது, வெள்ளிக்கிழமை கூட்டம் வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறது, வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. பழசை இடித்துவிட்டு கான்கிரீட் குவிமாடமும் மினாராவும் எழுப்பலாம் என்று கமிட்டி முடிவெடுத்தால் அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இடிக்காத இடத்திலும் தூணுக்குப் பச்சை எனாமல் பெயிண்ட், தரைக்கு டைல்ஸ். உளி வேலை பெயிண்டுக்குள் மூடிப்போகும். சிமெண்ட் பூசினால் கல் மூச்சுவிடாமல் ஈரம் உள்ளேயே தங்கும். தமிழகத்தின் 1966ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான் காவல். தொழுகை நடக்கும் பள்ளிகள் பெரும்பாலும் ஜமாஅத்தின் கையிலும் வக்ஃபு வாரியத்தின் பார்வையிலும் இருப்பவை. ஆகவே காப்பதும் இடிப்பதும் ஒரு மஹல்லா கூட்டத்தில் தீர்மானமாகிறது.

நல்ல வழி தெரிந்த ஜமாஅத்துகளும் உண்டு. பழைய கல்மண்டபத்தைத் தொடாமல் விட்டு, முன்பக்கமாகக் கூடத்தை நீட்டிக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக் காரை போடத் தெரிந்த கொத்தனார் குறைந்துவிட்டார் என்பது மெய்தான். கல்வேலைக்கு அந்தப் பஞ்சம் இல்லை. தோவாளைக்குப் பக்கத்து மயிலாடியில் கல்தச்சர்கள் இன்றும் உளியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜஸ்தான் மார்பிளுக்கு முன்பணம் கட்டப் போகும் கமிட்டிக்காரர்கள் வழியில் அங்கே இறங்கி, ஒரு தூணுக்கு என்ன ஆகும் என்று விலை கேட்டுவிட்டுப் போகலாம்.