சுருக்கல் வந்த வழி

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைக்குப் பின்னத்தைச் சுருக்கும் வேலை தனியாக இருந்ததில்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று எழுதும் வழக்கம் தமிழ்க் கணக்கில் கிடையாது. கீழ்வாய் இலக்கம் எனப்பட்ட பின்ன அளவு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் குறி. முந்திரி என்றால் 320-இல் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி, பதினாறு முந்திரி ஒரு மா, இருபது முந்திரி ஒரு மாகாணி. மாகாணிக்கு வீசம் என்றும் பெயர். கூட்டிக்கொண்டு வரும்போது 60 முந்திரி சேர்ந்தால் கணக்கர் மூன்று வீசம் என்று எழுதிவிடுவார். 60/320-ஐ மேலும் கீழும் 20-ஆல் வகுத்து 3/16 ஆக்கும் வேலை அந்தப் பெயரிலேயே முடிந்துவிடுகிறது.

320 என்பது 64-ஐ ஐந்தால் பெருக்கி வருவது. அதனால் பாதி, கால் என்று இறங்கும் வரிசையும் இருபதில் ஒன்று என்ற மா வரிசையும் ஒரே கணக்கில் அடங்கின. மூன்றில் ஒரு பங்கு மட்டும் அடங்கவில்லை. 106 முந்திரி போக மிச்சம் நிற்கும்; முந்திரியை மறுபடி 320 கூறாக்கிக் கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் அந்த மிச்சம் தீராது.

பின்னத்தின் பகுதியாக எந்த எண் வந்தாலும் செல்லும் விதி சமஸ்கிருத நூல்களில் இருந்தது. கி.பி. 850-ஐ ஒட்டி, இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கணித அறிஞர் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகம், இரு பின்னங்களைப் பெருக்குமுன் ஒன்றின் தொகுதியையும் மற்றதன் பகுதியையும் பொதுக் காரணியால் குறுக்கே வகுக்கச் சொல்கிறது. அதன் பெயர் வஜ்ராபவர்த்தனம்.

12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத எண்ணை 'யா' என்று குறித்தார். சுருக்குவதில் பூச்சியத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய லீலாவதி நூலில் ஒரு கணக்கு: ஓர் எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கி, வந்ததோடு அதன் பாதியைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, பூச்சியத்தால் வகுத்தால் 63. அந்த எண் எது? பெருக்கிய பூச்சியத்தை வகுத்த பூச்சியத்தோடு அடித்துவிட்டு 14 என்கிறார். துணிச்சல்தான்; ஆனாலும் பூச்சியத்தின் இடத்தில் எவ்வளவு சிறிய எண்ணை வைத்தாலும் விடை 14-தான்.

இன்றைய பாடநூல் அந்தத் துணிச்சலுக்கு இடம் தருவதில்லை. கிராமத்துப் பிள்ளையானாலும் சென்னைப் பிள்ளையானாலும் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளைச் சுருக்கியாக வேண்டும். பாஸ்கரரின் எழுத்திலேயே ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்: (யா² − 16)/(யா² + 8யா + 16). மேலும் கீழும் உள்ள யா²-ஐ அடித்துவிடத்தான் கை போகும். ஆனால் அது உறுப்பு, காரணி அல்ல. காரணிப்படுத்தினால் மேலே (யா + 4)(யா − 4), கீழே (யா + 4)(யா + 4). பொதுவான ஒரு (யா + 4) நீங்கி (யா − 4)/(யா + 4) மிஞ்சும். யா-வுக்கு −4 வைத்தால் பகுதி பூச்சியமாகிவிடும் என்பதால், அது விலக்கப்பட்ட மதிப்பு.