புல்தரைக் களைக்கொல்லிகளும் அவற்றை இடும் முறைகளும்

விளையாட்டுத் திடல், கோல்ஃப் மைதானம், வீட்டு முன்றில் ஆகிய இடங்களில் வளர்க்கும் புல்லுக்குக் கேடு வராமல், அதனிடையே முளைக்கும் களைகளை மட்டும் அழிக்கப் பயன்படுபவை புல்தரைக் களைக்கொல்லிகள். அமெரிக்காவில் இது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. 2,4-டி என்ற களைக்கொல்லியைத் தெளித்த புளூகிராஸ் புல்தரையில், புல்லுக்குக் கேடின்றி டேன்டேலியன் என்ற களை செத்ததை மார்த், மிட்செல் என்ற ஆய்வாளர்கள் 1944இல் வெளியிட்டனர். அகன்ற இலைக் களைகளைத் தேர்ந்து கொல்லும் மருந்துகள் அதன்பின் விரைவாகப் பரவின.

சரியான மருந்தை வாங்கியும் களை சாகாமல் போனால், இட்ட முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மருந்து செடிக்குள் வேர் வழியே நுழைகிறதா, இலை வழியே நுழைகிறதா என்பதைப் பொறுத்தே முறை அமைகிறது.

ப்ரோடையமின், பெண்டிமெத்தலின் போன்றவை களை முளைக்கும் முன் இடப்படுபவை. இவை விதையைக் கொல்வதில்லை. முளைவிடும் வேரில் செல் பிரிவதைத் தடுக்கின்றன. ஆகவே மருந்து மண்ணின் மேலடுக்கில் இருந்தாக வேண்டும். புல்லின் இலையிலேயே தங்கிவிட்டால் பயனில்லை. இட்ட சில நாட்களுக்குள் மழையோ பாசனமோ சுமார் 12 மி.மீ. நீர் தர வேண்டும் என்பது இதனால்தான். மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸை எட்டும்போது கிராப்கிராஸ் என்ற களைப்புல் முளைக்கத் தொடங்கும். மருந்து அதற்கு முன்பே மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். இவ்வகை மருந்துகளில் டைதயோபைர் மட்டும் களையின் இளநாற்றையும் ஓரளவு கொல்லும்.

குருணை மருந்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆக்ஸாடயஸானைத் திரவமாகத் தெளித்தால் பச்சையாக இருக்கும் புல்லே கருகும். அதனால் குருணையாக, இலை உலர்ந்திருக்கும்போது தூவி, பிறகு நீர் பாய்ச்சுவார்கள். நம் வயல்களில் களையாகப் பிடுங்கி எறியப்படும் அறுகம்புல், அங்கே பெர்முடாகிராஸ் என்ற பெயரில் இப்படிக் காக்கப்படும் புல்! உரத்தோடு கலந்து வரும் 2,4-டி குருணைக்கோ ஆக்ஸாடயஸானுக்கு நேர்மாறான நிலை தேவை. பனி படிந்த ஈர இலையில் ஒட்டினால்தான் அது வேலை செய்யும். ஒட்டாமல் உதிர்ந்த குருணையால் களைக்குப் பெரிய பாதிப்பில்லை. அகன்ற இலைக் களைகளுக்குத் திரவத் தெளிப்பே பெரும்பாலும் மேல்.

2,4-டி, டைகாம்பா போன்றவை இலையில் நுழைந்து செடி முழுவதும் பரவுபவை. எனவே ஓரளவு பெரிய துளிகளே போதும். அத்துளிகள் காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்தைத் தாக்குவதும் குறையும். பட்ட இடத்தை மட்டும் எரிக்கும் மருந்துக்கு இலை முழுவதும் நன்றாக நனைய வேண்டும். தெளிப்பதற்கு ஓரிரு நாள் முன்னும் பின்னும் புல்லை வெட்டக் கூடாது. வெட்டினால் மருந்தை ஏற்கும் இலைப்பரப்பு குறைந்துவிடும். டேன்டேலியன் போன்ற பல்லாண்டுக் களைகளுக்கு இலையுதிர்காலமே உகந்தது. அப்போது செடி உணவை வேருக்கு அனுப்புகிறது. மருந்தும் அதனோடு கீழே இறங்குகிறது. கோரையின் நிலை வேறு. அதற்கு இடப்படும் சல்ஃபென்ட்ராசோன் பெரும்பாலும் வேர் வழியே உள்ளே போவதால், வறண்ட மண்ணில் பலன் குறையும்.

டேங்கில் ஊற்றும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியையும் 2,4-டி அமைன் உப்பையும் பிணைத்து வலுவிழக்கச் செய்கின்றன. அம்மோனியம் சல்ஃபேட் சேர்ப்பது இதற்குத் தீர்வு.

இடும் அளவிலும் கவனம் தேவை. தெளித்தபடி நடக்கும் வேகம் பாதியானால் தரையில் விழும் மருந்து இரு மடங்காகும். அழுத்தத்தின் கணக்கு வேறு: நாசிலில் பாயும் அளவை இரட்டிப்பாக்க அழுத்தத்தை 4 மடங்காக்க வேண்டும். குருணையைப் பாதி அளவாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக இருமுறை தூவினால் கோடு கோடாகக் களை மிஞ்சாது.

அமெரிக்க கோல்ஃப் மைதானங்களில் போவா ஆனுவா என்ற ஓராண்டுப் புல், பல வகைக் களைக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. அங்கெல்லாம் தெளிப்பு முறையைத் திருத்துவது மட்டும் போதாது. வேறு வழியில் செயல்படும் மருந்துக்கு மாறியாக வேண்டும்.