தூது போகாது, வீடு திரும்பும்!

நடுவர் அவர்களே! இயந்திரத்தின் பெருமையை இவ்வளவு நேரம் முழங்கிவிட்டுப் போன எதிரணி அண்ணாச்சி அவர்களே! சபையோரே! 

'ஆபத்து நேரத்தில் மனிதனுக்குக் கைகொடுப்பது இயற்கையா, இயந்திரமா?' இதுதான் இன்றைய வழக்கு. இயற்கை அணிக்குச் சாட்சியாக நான் யானையையோ சிங்கத்தையோ கூட்டிக்கொண்டு வரவில்லை. நம்ம தெருவுல, கோயில் கோபுரத்துல உட்கார்ந்து குனுகிக்கிட்டு இருக்கே, அந்தப் புறாவைத்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். (சிரிப்பு)

எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம் இளையரசனேந்தல். கரிசல் காடு. நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க மாமா வீட்டு மச்சுல புறாத் தொல்லை. காயப்போட்ட சோளத்தையெல்லாம் தின்னுட்டுப் போயிடும். ஒருநாள் மாமாவுக்குக் கோபம் வந்து, நாலு புறாவைப் பிடிச்சுக் கூடையில போட்டு மூடி, பஸ் ஏறிக் கோவில்பட்டியில திறந்து விட்டுட்டு வந்தார். 'ஒழிஞ்சுது சனியன்'னு வாசல்ல காலை வச்சா, உள்ளேயிருந்து அத்தை கேட்கிறாங்க: "கூடையைக் கொண்டுபோனது நீங்க. உங்களுக்கு முன்னாடி புறா எப்படி வந்துச்சு?" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அத்தை கேட்ட அதே கேள்வியைத்தான் உலகத்து விஞ்ஞானிகளும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் கீட்டன், புறாவின் முதுகில் சின்னக் காந்தத் துண்டை ஒட்டிப் பறக்க விட்டார். வெயிலடித்த நாளில் அது வீட்டுத் திசையைச் சரியாகப் பிடித்தது. மேகம் மூடிய நாளில் திசை தெரியாமல் தடுமாறியது. 1971-ல் இதை வெளியிட்டார். சூரியன் தெரிந்தால் சூரியனை வைத்து வருகிறது. தெரியாவிட்டால் பூமியின் காந்த சக்தியை வைத்து வருகிறது என்பது அவர் கருத்து. இத்தாலி ஆய்வாளர்கள், 'இல்லை, காற்றில் வரும் வாசனைதான் வழிகாட்டுகிறது' என்றார்கள். 2004-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், பழகிய பகுதியில் புறாக்கள் சாலையையொட்டியே பறந்து வருவதைக் கண்டார்கள். காந்தமா, மூக்கா, கண்ணா? அங்கேயும் ஒரு பட்டிமன்றம் நடக்குது நடுவர் அவர்களே! தீர்ப்புதான் இன்னும் வரல. (சிரிப்பு)

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். கதையில் ராஜகுமாரி புறாவின் காலில் ஓலையைக் கட்டி, 'என் மன்னவனிடம் போ' என்பாள். அது போகவே போகாது! அதுக்குத் தெரிஞ்ச ஒரே விலாசம் அதன் கூடுதான். மன்னவன் வீட்டுப் புறாவை முன்கூட்டியே வாங்கி வச்சிருந்தாத்தான் காதல் கடிதம் போய்ச் சேரும். புறா தூது போவதில்லை; வீட்டுக்குப் போகிறது. போகிற போக்கில் நம் கடிதத்தையும் கொண்டுபோகிறது. அவ்வளவுதான்!

இந்தக் குணத்தை நம் நாட்டில் ஒரு போலீஸ் துறையே பயன்படுத்தியது. ஒரிசா போலீஸ், இன்றைய ஒடிசா. 1946-ல் ராணுவத்திடமிருந்து 200 புறாக்களைப் பெற்று, கோராபுட் மலைப்பகுதியில் தொடங்கினார்கள். கம்பியும் வயர்லெஸ்ஸும் எட்டாத காவல் நிலையங்களுக்குப் புறாதான் தபால்காரர். 1948 ஏப்ரலில் சம்பல்பூருக்கு வந்த பிரதமர் நேரு, கட்டாக்கில் இருந்த அதிகாரிகளுக்குப் புறா மூலம் ஒரு சேதி அனுப்பினார். என்ன சேதி? பொதுக்கூட்டத்தில் பேசுபவரையும் கேட்பவரையும் பிரிக்கிற மாதிரி ஏற்பாடு செய்யக் கூடாது என்பதுதான். மேடைக்காரங்க எங்களுக்குப் பொருத்தமான சேதிதான்! (கைதட்டல்)

அண்ணாச்சி கேட்பார்கள்: 'அது அந்தக் காலம், இப்போ என்ன?' சொல்றேன். 1982-ல் பாங்கி வட்டாரம் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டபோது சேதி கொண்டுவந்தது புறா. 1999 அக்டோபரில் ஒரிசாவைப் பெரும்புயல் தாக்கியது. அரசுக் கணக்கிலேயே 9,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. டெலிபோன் கம்பம் சாய்ந்தது, வயர்லெஸ் வாயை மூடியது. அப்போதும் பறந்தது புறா. செல்போன் பரவிய பிறகு அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஒத்துக்கிறேன். ஆனாலும் கட்டாக்கில் அந்தப் புறாக்களை இன்னும் வளர்த்து வருகிறார்கள். நன்றி மறக்கல!

'அது பெல்ஜியத்துச் சாதிப் புறா, தெருப்புறா ஆகுமா?' என்று கேட்கலாம். ரெண்டும் ஒரே இனம்தான் ஐயா. பழக்கிய புறா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். தெருப்புறா அவ்வளவு தூரம் வராது. ஆனால் வீட்டைத் தேடும் புத்தி ரெண்டுக்கும் உண்டு. நம்ம முன்னோர் அதுக்கு வச்ச பேரைப் பாருங்க: மாடப்புறா! பேரிலேயே வீட்டை வச்சிருக்கு! (கைதட்டல்)

நிறைவாக ஒன்று. புறா வளர்ப்பவர்களைக் கேளுங்கள். குஞ்சாக இருக்கும்போதே கூட்டைச் சுற்றிப் பறக்க விட்டு, இரை போட்டுப் பழக்கினால்தான் அந்தக் கூடு அதுக்கு வீடு. வளர்ந்த பிறகு விலைக்கு வாங்கிவந்த புறா, திறந்துவிட்டால் பழைய வீட்டுக்கே பறந்துவிடும். எங்க கரிசல் பூமியில் மழை இல்லை, வேலை இல்லை என்று பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போகிறார்கள். போகட்டும். பிழைப்புக்காகப் பறப்பது தப்பில்லை. கையிலே போன் இருக்கு, தினம் பேசலாம். ஆனால் பேசுவது வேறு, திரும்பி வருவது வேறு. சின்ன வயசில் சோறும் பாசமும் போட்டு வளர்த்த வீடுதான் திரும்பி வரச் சொல்லும். அந்தத் திசையைக் காட்டுகிற இயந்திரத்தை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, கைகொடுப்பது இயற்கையே, இயற்கையே என்று கூறி அமர்கிறேன்.  (பலத்த கைதட்டல்)