கருவுறும் நாள்கள்: ஒரு கணக்கின் வரலாறு

அன்ஸாரிப் பெண்மணி உம்மு சுலைம் (ரலி) அவர்கள் ஒருநாள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். உண்மையைக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று தொடங்கி, பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்பு கடமையாகுமா என்று வினவினார்கள். நீரைக் கண்டால் கடமையாகும் என விடை கிடைத்தது. அருகிலிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நாணத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, பெண்ணுக்கும் அவ்வாறு உண்டா என்று வியந்தார்கள். இல்லையெனில் பிள்ளை தாயின் சாயலைப் பெறுவது எவ்வாறு என்று பெருமானார் (ஸல்) திருப்பிக் கேட்டார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி இது. நாணம் அன்ஸாரிப் பெண்களை மார்க்க அறிவிலிருந்து தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

அரபிக் கல்லூரியில் பாடம் நடத்தும் எங்களைப் போன்றோரிடம், மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் பிள்ளையில்லாதோர் துஆ வேண்டி வருவதுண்டு. கரு எந்த நாள்களில் தரிக்கிறது என்ற கேள்வி அவர்கள் உள்ளத்தில் இருக்கும், வாயில் வராது. மனித குலம் அக்கேள்விக்குச் சரியான விடையைக் கண்டு நூறாண்டுதான் ஆகிறது. அதற்கு முன் படித்த மருத்துவர்களே தவறான நாள்களைச் சொல்லி வந்தார்கள் என்பதை நம்மில் பலர் அறியார்.

பிள்ளை உருவாவதில் பெண்ணின் பங்கு என்ன என்பதே பண்டைய அறிஞர்களுக்குள் வழக்காக இருந்தது. மாதவிலக்கின் குருதி பொருளைத் தருகிறது, ஆணின் விந்து அதற்கு உருவைத் தருகிறது என்றார் அரிஸ்டாட்டில். இருபாலருக்கும் வித்து உண்டு என்றார் காலன். இப்னு ஸீனா (மறைவு 1037) தம் ‘கானூன்’ நூலில் இவ்விரண்டையும் இணைக்க முயன்றார். ‘ஃபத்ஹுல் பாரீ’ ஆசிரியர் இப்னு ஹஜர் அஸ்கலானீ (1372–1449), ஆணின் நீர் மாதவிலக்குக் குருதியை உறையச் செய்வதற்கு மட்டுமே பயன்படுகிறது என்ற உடற்கூற்றாளர் கூற்றை எடுத்துக்காட்டி, ஹதீஸ்கள் அதை மறுக்கின்றன என்று எழுதினார். பெண்ணின் நீர் என்று ஹதீஸில் வருவதே இன்றைய கருமுட்டை என வலிந்து பொருள் கூறத் தேவையில்லை. பிள்ளையின் உருவாக்கத்தில் தாய்க்கும் பங்குண்டு என்ற அடிப்படையை நம் உலமாக்கள் உறுதியாகப் பற்றி நின்றார்கள் என்பதே போதுமானது.

பங்கு இருந்தது, நாள் தெரியவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஸொரானஸ், மாதவிலக்கு ஓயும் தறுவாயே கருவுறுவதற்கு ஏற்றது என்றார். 1672இல் நெதர்லாந்தின் தெ கிராஃப் கருவகத்திலுள்ள நீர்க்கொப்புளங்களை விவரித்து அவையே முட்டைகள் என்று கருதினார். உண்மையான கருமுட்டையை 1827இல்தான் ஃபான் பேயர் நாயின் கருவகத்தில் கண்டார். 1840களில் ஜெர்மானிய அறிஞர் பிஷோஃப், புணர்ச்சியின்றியே நாயின் கருமுட்டை வெளிப்படுகிறது என்றும், அது நிகழ்வது சினைப்பருவத்தில் என்றும் நிறுவினார். நாய்க்கும் அப்பருவத்தில் குருதி கசியும். எனவே பெண்ணின் மாதவிலக்கும் அதைப் போன்றதே என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்தது. மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் கரு தரிக்கும், இடைப்பட்ட நாள்களில் தரிக்காது என்று ஏறத்தாழ எண்பதாண்டுகள் கற்பிக்கப்பட்டது. பிள்ளை வேண்டியவர்கள் பலனற்ற நாள்களை நம்பினார்கள்.

ஒப்புமையில்தான் பிழை நேர்ந்தது. நாயின் குருதி கருமுட்டை வெளிப்படுவதற்கு முன் வருவது. பெண்ணின் மாதவிலக்கோ, வெளிப்பட்ட கருமுட்டை கருவாகாததால், கரு தங்குவதற்கென்று தடித்திருந்த கருப்பையின் உட்சவ்வு உதிர்வது. ஒன்று தொடக்கம், மற்றது முடிவு.

இதைக் கண்டவர்களில் முதல்வர் ஜப்பானின் நீகாதா நகர மருத்துவர் கியூசாகு ஓகினோ. அறுவை சிகிச்சைக்கு வந்த பெண்களின் கருவகத்தை நேரில் பார்த்து, அதை அவர்களுடைய மாதவிலக்குத் தேதிகளோடு ஒப்பிட்டார். முந்தைய மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணியபோது ஒழுங்கு புலப்படவில்லை. அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணியபோது புலப்பட்டது. கருமுட்டை அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள்களுக்கு முன் வெளிப்படுகிறது என்று 1924இல் வெளியிட்டார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாவுஸ், வேறு வழியில் ஆராய்ந்து, 1920களின் இறுதியில் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். பின்னர் இக்கணக்கு கருத்தடைக்கென்று உலகெங்கும் பரவியது.

இதைப் படிக்கும்போது ஃபிக்ஹு மாணவனுக்கு ஓர் எண்ணம் எழும். ஹைளு, துஹ்ரு நாள்களை நம் ஃபுகஹாக்களைப் போல் நுணுகிக் கணக்கிட்டோர் அரிது. ஹைளு ஹனஃபீ மத்ஹபில் மூன்று நாள் முதல் பத்து நாள் வரை, ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பகலிரவு முதல் பதினைந்து நாள் வரை. இரு ஹைளுக்கிடையே துஹ்ரு குறைந்தது பதினைந்து நாள். தன் வழக்கத்தைப் பெண் நினைவில் வைக்க வேண்டும். மறந்தவளுக்கெனத் தனிச் சட்டங்கள் வகுக்கப்பட்டன. இமாம் பிர்கவீ (மறைவு 1573) இதற்கென்றே தனி நூல் எழுத, இப்னு ஆபிதீன் (மறைவு 1836) அதற்கு விரிவுரை எழுதினார். தொழுகை, நோன்பு, இத்தா ஆகியவற்றுக்காகச் செய்த கணக்கு அது. அதே நாள்குறிப்பே ஓகினோவின் கையில் கருவுறும் காலத்தைக் காட்டும் சான்றாயிற்று.

மதீனத்துப் பெண்கள் தூய்மையை உறுதி செய்யப் பஞ்சை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுப்பியதும், வெண்கசிவைக் காணும்வரை அவசரப்பட வேண்டாம் என்று அவர்கள் அறிவுறுத்தியதும் நாமறிந்ததே. கசிவின் நிறத்தைக் கவனிக்கும் பழக்கம் நம் பெண்களுக்குப் புதிதன்று. 1950கள் தொட்டு ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதியர் ஆராய்ந்ததும் கசிவைத்தான். ஆனால் அது துஹ்ருக் காலத்தின் இடையில் வருவது. பச்சை முட்டையின் வெண்கரு போல் தெளிவாக, வழுக்கலாக, இழுத்தால் நீள்வதாக இருக்கும். கருமுட்டை வெளிப்படும் நேரம் நெருங்கியதற்கு அது அறிகுறி. காலையில் எழுந்தவுடன் அளக்கும் உடல் வெப்பம் சற்று உயர்வதும் அறிகுறியே. எனினும் கருமுட்டை வெளிப்பட்ட பின்பே உயர்வதால் அம்மாதத்துக்கு அது உதவாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை ஓரிரு நாள் முன்னதாகவே காட்டிவிடும்.

வெளிப்பட்ட கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் உயிர்ப்புடன் இராது. விந்தணுவோ ஐந்து நாள் வரை காத்திருக்கக்கூடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வில், கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களுமாகிய ஆறு நாள்களில் கூடியோருக்கே கரு தரித்தது. 28 நாள் சுழற்சியில் வெளிப்படும் நாள் ஏறத்தாழ 14ஆம் நாள். 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாள். எல்லாப் பெண்களுக்கும் 14ஆம் நாளே என்பது தவறு. அதே ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட கட்டுரைப்படி, இந்த ஆறு நாள்களும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் முழுமையாக அடங்கியது 30 விழுக்காட்டுப் பெண்களுக்கு மட்டுமே.

பெரும்பாலோருக்குக் குளித்துத் தூய்மையான பின்பே இக்காலம் வருகிறது. சுழற்சி குறுகி, ஹைளு நீளும் சிலருக்கு அது ஹைளிலேயே கழிந்துவிடலாம். திருமறையின் தடை அங்கு மாறாது. அத்தகையோர் நிலைமையை மருத்துவரிடம் விளக்கிச் சொன்னால் வழி காண இயலும்.

வளைகுடா நாட்டில் பணிபுரியும் கணவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருகிறார் என்று கொள்வோம். நான்காண்டு மணவாழ்வு என்று ஊர் எண்ணும். கூடி வாழ்ந்தது எண்பது நாள். அதில் அடங்கிய கருவுறும் காலம் இரண்டு முதல் நான்கு. நல்ல உடல்நலமுள்ள தம்பதியருக்கும் ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. இதை எண்ணாமல் மருமகளை மலடி என்பதும் மறுமணப் பேச்சைத் தொடங்குவதும் அநீதி. குறை ஆணிடமும் இருக்கலாம். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிடில், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

ஆண்மக்களையும் பெண்மக்களையும் தான் நாடியோருக்கு அளிப்பதும், நாடியோரை மலடாக்குவதும் அல்லாஹ்வே என்று ஷூறா அத்தியாயம் கூறுகிறது. ஸகரிய்யா (அலை) அவர்கள் முதுமையிலும் கேட்டார்கள், பெற்றார்கள். காரண காரியங்களை நாடுவது தவக்குலுக்கு முரணன்று. நம் மகளிர் மத்ரஸாக்களில் ஹைளுப் பாடம் விரிவாகவே நடக்கிறது. துஹ்ரு நாள்களைப் பற்றிய இந்த அறிவையும் தகுந்த ஆசிரியை ஒருவர் ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்தால், மணமாகிச் செல்லும் பெண் தன் கணக்கைத் தானே அறிந்திருப்பாள். பையன்களுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியது எங்களைப் போன்ற உஸ்தாதுகளின் பொறுப்பு.