வாயில் கேட்கும் இலக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பரிஸில், நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பும் ஒருவர் தாம் குடியிருக்கும் கட்டடத்தின் பெருவாயிலில் நின்று மணியை அடிப்பார். வாயிலை ஒட்டிய சிற்றறையில் உறங்கிக்கொண்டிருக்கும் காவலர், படுக்கையை விட்டு எழாமலே, அருகில் தொங்கும் ஒரு கயிற்றை இழுப்பார். கயிற்றின் மறுமுனை வாயிலின் தாழோடு பிணைக்கப்பட்டிருக்கும். தாழ் விலகும். வந்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, இருளில் அச்சிற்றறையைக் கடக்கும்போது தம் பெயரைச் சொல்லிச் செல்வார். இரவில் வெளியே செல்ல வேண்டியவரோ 'கயிறு, தயவுசெய்து' என்று உள்ளிருந்து குரல் கொடுக்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் அக்கயிற்றுக்குக் 'கோர்டோன்' என்று பெயர்.

இன்று வாயிற்புறத்தில் பதித்த இலக்கத்தட்டில் நான்கு இலக்கங்களை அழுத்துகின்றோம். வீட்டினுள் எங்கோ இருக்கும் சிறு கணினியொன்று அவற்றைச் சரிபார்த்து மின்தாழை விடுவிக்கின்றது. கயிற்றிலிருந்து இதுவரையான கதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கதை. அதனூடே கருவிகள் மாறியதோடு, வாயில் நம்மிடம் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. கயிற்றின் காலத்தில் வாயில் 'நீர் யார்?' என்று கேட்டது. இலக்கத்தட்டு அதைக் கேட்பதில்லை. 'உமக்கு இலக்கம் தெரியுமா?' என்பதே அதன் கேள்வி.

கயிற்றின் காலத்தைப் பொற்காலமென வருணிக்க நான் முற்படவில்லை. 'கொன்சியேர்ஜ்' எனப்பட்ட அந்த வாயிற்காவலர் யார் எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு வந்தார், எந்த மாடிக்கு ஏறினார் என்பதையெல்லாம் அறிந்திருந்தார். கடிதங்கள் அவர் கையாலேயே குடியிருப்போரைச் சென்றடைந்தன. பொலிஸாருக்குத் தகவல் சொல்பவர் என்ற அச்சமும் அவரைச் சூழ்ந்திருந்தது. புத்தாண்டில் அவருக்குப் பணம் அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கத்தைத் தவறவிட்டவர், மழையிரவில் மணியடித்துவிட்டு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் வியப்பில்லை. 1842-43 இல் இயூஜின் சூ தொடராக எழுதிய 'பரிஸின் மர்மங்கள்' நாவலில் வரும் காவற்காரத் தம்பதியரின் பெயர் பிப்பெலே. வம்பளப்போரைக் குறிக்கும் சொல்லாக அப்பெயர் இன்றும் பிரெஞ்சு மொழியில் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலை வழிப்போக்கருக்குக் கூரையும் திண்ணையும் தண்ணீரும் தந்த வாயில். பரிஸின் வாயிலோ கணக்கெடுக்கும் வாயில்.

கயிற்றை முதலில் வென்றது மின்சாரம். 1825 இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் மின்காந்தத்தைச் செய்து காட்டினார். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் மின்மணி வீடுகளுக்குள் வந்தது. மணியின் நாவை அசைத்த அதே மின்காந்தத்தால் ஒரு தாழையும் அசைக்க இயலும் என்பது இயல்பான அடுத்த படி. இன்று நாம் காணும் மின்தாழின் உள்ளமைப்பும் அடிப்படையில் அதுவே. கதவில் உள்ள பூட்டின் நாக்கு நீட்டியபடியே இருக்கும். அதைப் பற்றிக்கொண்டிருக்கும் நிலைப்பகுதியில் சிறு இரும்பு உதடு ஒன்று உண்டு. மின்னோட்டம் பாயும்போது அந்த உதட்டின் பிடி தளர, கதவைத் தள்ளியதும் அது வழிவிடுகின்றது. ஆடலோட்ட மின்சாரத்தில் இயங்கும் தாழ், மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாகச் செல்வதால், நொடிக்கு நூறு முறை அதிர்ந்து உறுமும். பழைய தொடர்மாடிகளின் வாசலில் கேட்கும் அந்த 'பஸ்' ஒலி தாழின் குரலேயன்றி வேறன்று.

இங்கே ஒரு வினா எழுகின்றது. மின்சாரம் நின்றால் தாழ் என்ன செய்யும்? மேலே சொன்ன வகை பெரும்பாலும் பூட்டியபடியே நின்றுவிடும். முழுவதும் காந்தவிசையால் பிடித்திருக்கும் மற்றொரு வகையோ திறந்துகொள்ளும். முன்னது திருடரைத் தடுக்கும்; பின்னது தீவிபத்தில் உயிரைக் காக்கும். இரண்டில் எது தம் வாயிலில் இருக்கின்றது என்பதை அறியாமலே பலர் வாழ்கின்றார்கள். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது. சேமிப்பு மின்கலம் இல்லாத மின்வாயில் அத்தகைய நாளில் ஒன்றில் வெறும் மதில், அல்லது வெறும் திறப்பு. சாவித்துளை ஒன்றையும் சேர்த்தே வைக்கவேண்டும் என்று அனுபவமுள்ள தொழிலாளர்கள் வற்புறுத்துவது பழமைப் பற்றினால் அன்று.

தாழ் மின்மயமான பின்னும் பொத்தானை அழுத்த உள்ளே ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவரை அகற்றியது இலக்கத்தட்டு. அதன் பிறப்பிடம் பூட்டுத் தொழிலன்று, தொலைபேசி. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், ஜொஹானஸ்பேர்க்கில் பிறந்த உளவியலாளரான ஜோன் கார்லின் தலைமையில் இயங்கிய குழு, பத்து இலக்கங்களை எவ்வாறு அடுக்கினால் மனித விரலுக்கு எளிது என்று ஆராய்ந்தது. வட்டமாக, இரு நிரைகளாக, மூலைவிட்டமாக எனப் பலவாறு அடுக்கி, மக்களை அழுத்தவிட்டு, வேகத்தையும் பிழைகளையும் விருப்பத்தையும் அளந்தார்கள். கணக்கிடும் இயந்திரங்களில் 7, 8, 9 மேல்நிரையில் இருந்தன. தொலைபேசிக்கு அவர்கள் தேர்ந்த அமைப்பில் 1, 2, 3 மேலே வந்தன. இன்று உலகின் எந்த வாயிலிலும் நம் விரல் தேடும் ஒழுங்கு அதுதான்.

1963 நவம்பர் 18 ஆம் திகதி, பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பேர்க் ஆகிய இரு சிற்றூர்களில் அழுத்துபொத்தான் தொலைபேசி பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. நான்கு கிடைநிரைகள், மூன்று செங்குத்து நிரைகள். ஒவ்வொரு நிரைக்கும் ஒரு தொனி. 5 ஐ அழுத்தினால் 770, 1336 ஹேர்ட்ஸ் எனும் இரு தொனிகள் ஒருங்கே ஒலிக்கும். பத்துப் பொத்தான்களோடு தொடங்கிய தட்டில் நட்சத்திரக் குறியும் வேலிக் குறியும் 1968 இல் சேர்ந்தன. பல வாயில்களில் வேலிக் குறியே 'முடிந்தது' என்பதற்கான விசையாயிற்று. ரொறன்ரோவின் தொடர்மாடிகளில் வாழும் நம்மவர்கள் இத்தொனியை நாள்தோறும் பயன்படுத்துகின்றார்கள். வாசலில் நிற்கும் விருந்தினர் 'பஸ்ஸர்' இலக்கத்தை அழுத்த, மேலே தொலைபேசி ஒலிக்கின்றது. வீட்டுக்காரர் குரலைக் கேட்டு, யாரென அறிந்து, ஒரு விசையை அழுத்த, அதன் தொனியைக் கேட்டுத் தாழ் திறக்கின்றது. கயிற்றுக்கு மிக நெருங்கிய உறவினர் இந்த முறையே. இங்கே இன்னும் 'யார்?' என்ற கேள்வி உயிரோடிருக்கின்றது.

இரகசிய இலக்கம் என்ற எண்ணம் வங்கிகளிடமிருந்து வந்தது. ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ஜேம்ஸ் குட்பெலோ, துளையிட்ட அட்டையையும் அதற்குரிய இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பணம் வழங்கும் முறைக்கு 1966 மே மாதத்தில் காப்புரிமை கோரினார். அடுத்த ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி இலண்டனின் என்பீல்டில் பார்க்ளேஸ் வங்கி திறந்த பண இயந்திரம், இந்தியாவின் ஷில்லோங்கில் பிறந்த ஜோன் ஷெப்பர்ட்-பரனின் குழுவினரது ஆக்கம். தாம் முதலில் ஆறு இலக்கங்களை எண்ணியிருந்ததாகவும், தம் மனைவி தம்மால் நான்கைத்தான் நினைவில் வைக்க முடியும் என்று சொன்னதால் நான்காக்கியதாகவும் அவர் பின்னாளில் பி.பி.சி.யிடம் கூறினார். கதை முழுவதும் அப்படியே நிகழ்ந்ததோ என்னவோ, நான்கு என்ற அளவு நிலைத்துவிட்டது.

பரிஸுக்குத் திரும்புவோம். கொன்சியேர்ஜ் வேலைக்கு ஊதியம் கொடுக்கக் கட்டட உரிமையாளர்கள் தயங்கினர். 1960களில் அவ்வேலைக்கு வந்தவர்களுள் பலர் போர்த்துக்கல், ஸ்பெயின் ஆகிய நாடுகளிலிருந்து குடிபெயர்ந்த பெண்கள். 1970களிலிருந்து அவர்களின் இடத்தை 'டிஜிக்கோட்' பிடிக்கத் தொடங்கியது. வணிகப் பெயராயிருந்து பொதுச்சொல்லாகிவிட்ட அந்தத் தட்டில் பத்து இலக்கங்களோடு A, B என்ற எழுத்துகளும் இருக்கும். பரிஸில் இலக்கம் தெரியாமல் வாசலில் நின்று உறவினருக்குத் தொலைபேசி எடுத்த அனுபவம் அங்கு சென்று வந்த பலருக்கு இருக்கும். முகவரியைக் குறிக்கும்போதே இலக்கத்தையும் குறித்துக்கொள்வது அந்நகரின் பழக்கமாகிவிட்டது.

குறித்துக்கொள்ளப்படும் இரகசியம் எத்தகைய இரகசியம்? தபாற்காரருக்குத் தெரியும், துப்புரவுத் தொழிலாளிக்குத் தெரியும், சென்ற ஆண்டு வீடு மாறிச் சென்றவருக்கும் தெரியும். இலக்கம் கைமாறும்போது கொடுத்தவரிடமிருந்து எதுவும் குறைவதில்லை. சாவி அப்படியன்று.

கணக்கிலும் அதன் வலிமை நாம் நினைப்பதிலும் குறைவு. நான்கு இலக்கங்களில் பத்தாயிரம் சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொன்றாக முயன்றால் நாற்பதாயிரம் அழுத்தல்கள் தேவை என்று தோன்றும். ஆனால் 'முடிந்தது' விசை இல்லாமல், கடைசியாக அழுத்திய நான்கை மட்டும் பார்க்கும் தட்டானால், ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்கிய தொடரொன்றால் 10,003 அழுத்தல்களில் எல்லாவற்றையும் முயன்று முடிக்கலாம். டச்சுக் கணிதவியலாளர் டி புருயின் பெயரால் அறியப்படும் தொடர் இது. (வடமொழி யாப்பிலக்கண மாணவர்கள் எட்டுக் கணங்களையும் 'யமாதாராஜபானஸலகாம்' என்ற பத்தசைச் சொல்லுக்குள் அடக்கி மனனம் செய்வதும் இதே உத்திதான்.) தேய்ந்த விசைகள் இன்னும் எளிதாகக் காட்டிக்கொடுக்கும். நான்கு விசைகள் மட்டும் தேய்ந்திருந்தால் எஞ்சுவன 24 சேர்க்கைகளே. மூன்று தேய்ந்திருந்தால், ஒன்று இருமுறை வருவதால், 36. மனிதரின் சோம்பல் எல்லாவற்றையும் மிஞ்சியது. கசிந்த 34 இலட்சம் நான்கிலக்கக் கடவுச்சொற்களை 2012 இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொன்று '1234' ஆக இருந்தது. பிழையாக ஐந்து முறை அழுத்தினால் சில நிமிடங்கள் மறுக்கும் தட்டு இவற்றுள் பெரும்பகுதிக்கு மருந்து. மலிவான தட்டுகளில் அதுவும் இருப்பதில்லை.

வீட்டுத் தன்னியக்கம் இக்கதைக்குள் நுழைந்தது 1975 இல். ஸ்கொட்லாந்தின் கிளென்ரொதெஸ் நகரிலிருந்த பிக்கோ எலக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் தன் பத்தாவது திட்டமாக உருவாக்கிய முறைக்கு 'எக்ஸ்-10' என்றே பெயரிட்டது. புதிய கம்பி எதுவும் இழுக்காமல், வீட்டின் மின்கம்பி வழியாகவே கட்டளைகள் சென்றன. வீட்டுக்குப் பதினாறு குறிகள், கருவிக்குப் பதினாறு இலக்கங்கள், மொத்தம் 256 முகவரிகள். கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று ஆரம்பகாலக் கருவிகள் திரும்பச் சொல்வதில்லை. ஒரே மின்மாற்றியில் இணைந்த அயலவரின் கட்டளையால் நம் விளக்கு எரிந்த வேடிக்கைகளும் நிகழ்ந்தன. விளக்குக்கு அது வேடிக்கை. வாயிலுக்கு வேடிக்கையாகாது.

பின்வந்த முறைகள் மறைகுறியாக்கத்தையும் மறுமொழியையும் சேர்த்துக்கொண்டன. ஆயினும் என் கணிப்பில் உண்மையான முன்னேற்றம் வேறோரிடத்தில் நிகழ்ந்தது. பழைய மலிவான தட்டில் தாழுக்குச் செல்லும் மின்னிணைப்பை மூடும் ஆளி தட்டுக்குள்ளேயே இருந்தது. தெருப்பக்கம் நிற்பவர் மூடியைக் கழற்றி இரு கம்பிகளைத் தொடுவித்தால் போதும், இலக்கமே தேவையில்லை. தன்னியக்க வீட்டில் வெளியே இருக்கும் தட்டு, அழுத்தப்பட்ட இலக்கங்களை உள்ளே அறிவிப்பதோடு நிற்கின்றது. தீர்மானிப்பதும் தாழுக்கு மின்சாரம் விடுவதும் மதிலுக்குள் இருக்கும் கணினி. அதனால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இலக்கம் கொடுக்கலாம். தோட்ட வேலைக்கு வருபவருக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் செல்லும் இலக்கம் கொடுக்கலாம். ஒருவருடையதை நீக்கினால் மற்றையோருக்கு இடையூறில்லை.

இதோடு கொன்சியேர்ஜும் திரும்பி வந்துவிடுகின்றார். இலக்கத்துக்கு ஒரு பெயர் ஒட்டப்பட்டதும், யார் எத்தனை மணிக்கு வந்தார் என்ற பதிவேடு தானாகவே எழுதப்படுகின்றது. வீட்டுப் பணிப்பெண் பத்து நிமிடம் தாமதித்ததும், பல்கலைக்கழக மகள் இரவு பதினொன்றரைக்கு வந்ததும் உரிமையாளரின் கைத்தொலைபேசியில் வரிவரியாக நிற்கின்றன. பழைய காவலர் சிலவற்றை மறந்தார், சிலவற்றை மறைத்தார். கணினி அவ்விரண்டையும் செய்யாது. அந்தப் பதிவேடு வைக்கப்படுகின்றது என்பதை இலக்கம் பெறுவோரிடம் சொல்லவேண்டிய கடமை வீட்டுக்காரருக்கு உண்டு என்பேன். பலர் சொல்வதில்லை.

தீர்மானிக்கும் கணினி மதிலுக்குள்ளேயே இருக்கின்றதா என்பதும் பார்க்கவேண்டிய ஒன்று. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதும் செயலிழந்தபோது, அதன் ஊழியர் சிலர் தங்கள் அடையாள அட்டைகள் இயங்காமல் கட்டடங்களுக்குள் நுழைய முடியாது நின்றதாகச் செய்திகள் வெளியாயின. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியோன்' என்ற அமெரிக்கத் தன்னியக்க நிறுவனம் முன்னறிவிப்பின்றித் தன் இணைய வழங்கிகளை நிறுத்தியது. சுவரில் இருந்த ஆளிகள் வேலை செய்தன. தொலைவிலிருந்து இயக்கும் வசதி ஒரே நாளில் மறைந்தது. சில வாரங்களின் பின் அதன் பயனாளர் சிலர் ஒன்றுசேர்ந்து நிறுவனத்தை வாங்கி, வழங்கிகளை மீண்டும் இயக்கினார்கள். அதற்கென ஓர் ஆண்டுக் கட்டணமும் விதித்தார்கள்.