மலைநாடு கண்ட இரண்டு அறிக்கைகள்

ஆண்டுதோறும் வழக்கமாக வெளிவருவது ஆண்டறிக்கை. ஏதேனும் ஒரு வினா எழுந்தவிடத்து, அதனை மட்டுமே ஆராய்ந்து விடை கூறுமாறு தகுதி வாய்ந்த ஒருவரிடமோ குழுவிடமோ ஒப்படைத்துப் பெறுவது விசேட அறிக்கை. விஞ்ஞானிகள், மருத்துவர்கள், ஆட்சியாளர்கள் எனப் பலரும் இதனைப் பயன்படுத்துவர். அதன் பயன் எதனைப் பொறுத்தது என்பதை நம் மலைநாட்டு வரலாறே நமக்கு உணர்த்தும்.

முதல் அறிக்கை விஞ்ஞானத்தைச் சார்ந்தது. அட்டனைச் சூழ்ந்த டிக்கோயா மலைச்சரிவுகளில், தேயிலைக்கு முன்னர் கோப்பியே பயிரிடப்பட்டது. 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைநோய் அப்பயிரை அழிக்கத் தொடங்கிற்று. 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளந் தாவரவியலாளர் அதனை ஆராய வந்தார். நோயை விளைவிக்கும் பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றினாற் பரவுவதையும், ஒரே பயிரை மலைமலையாக இடைவெளியின்றி நட்டமை அப்பரவலுக்குத் துணைசெய்ததையும் அவர் விளக்கினார். எனினும், அவ்விளக்கம் வருமுன்னரே நோய் முற்றிவிட்டது. கோப்பி அழிந்தது, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின.

இரண்டாவது அறிக்கை மனிதரைப் பற்றியது. தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளர் இந்நாட்டவரின் வேலையைப் பறிக்கின்றனரா என்னும் வினா 1930களில் ஓங்கி ஒலித்தது. அதனை ஆராய்ந்த சேர் எட்வர்ட் ஜாக்சன், 1938இல் வெளிவந்த தம் அறிக்கையில், அவ்வச்சத்துக்கு ஆதாரம் காணவில்லை. நாட்டின் வளர்ச்சிக்கு அத்தொழிலாளரின் உழைப்பு இன்றியமையாததாயிருந்தது என்றே அவர் எழுதினார்.

ஆயினும் நடந்தது வேறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா உள்ளிட்ட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டே வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

வார்டின் அறிக்கை காலந்தாழ்ந்து வந்தது. ஜாக்சனின் அறிக்கையோ காலத்தில் வந்தும், உரிமையைக் காக்க உதவவில்லை. ஆதலின், பழைய அறிக்கையொன்றைக் கையிலெடுப்போர், எழுதியவர் என்ன கண்டார் என்பதோடு நில்லாது, படித்தவர் என்ன செய்தார் என்றும் வினவுதல் வேண்டும்.