கடலடி மண்ணில் புற்றுநோய் மருந்தா? பாக்டீரியாவிடம் விஞ்ஞானிகள் தேடுவது என்ன?

காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், மண்ணில் வாழும் பாக்டீரியா கொடுத்த மருந்து. கண்டுபிடித்தது 1943-ல். அப்போ கடலுக்கு அடியில் இருக்கும் மண்ணில்? அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெனிகல், பால் ஜென்சன் இருவரும் அங்கேதான் தேடினார்கள்.

பஹாமாஸ் கடலடி மண்ணில் சிக்கியது 'சாலினிஸ்போரா' பாக்டீரியா. கடல்நீர் இல்லாவிட்டால் இது வளராது. அதனால் உப்புநீரிலேயே வளர்த்து, அது சுரப்பதைச் சாறாக எடுத்து, புற்றுநோய் செல்கள் மீது சோதிப்பார்கள். செல் செத்தால், சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்தது என்று பார்க்க வேண்டும். பொறுமையான வேலைதான்.

அப்படிக் கிடைத்து, 2003-ல் அறிவிக்கப்பட்டதுதான் 'சாலினோஸ்போரமைடு ஏ'. செல்லுக்குள் வேண்டாத புரதங்களை அரைத்துத் தள்ளும் 'புரோட்டியசோம்' என்ற இயந்திரத்தை இது அடைத்துவிடும். குப்பை தேங்கி, புற்றுநோய் செல் திணறிச் சாகும்.

மருந்தாகிவிட்டதா? இல்லை. 'மரிசோமிப்' என்ற பெயரில், 'கிளியோபிளாஸ்டோமா' எனும் மூளைப் புற்றுநோய்க்கு சுமார் 750 பேரிடம் பரிசோதித்தார்கள். மூளைக்குள் நுழையக்கூடியது என்பதால் எதிர்பார்ப்பு அதிகம். ஆனால் வழக்கமான சிகிச்சையுடன் இதைச் சேர்த்தும் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

பிறகு ஏன் தேடல் தொடர்கிறது? 2007-ல் இந்த பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பை முழுசாகப் படித்தபோது, அதில் சுமார் 10 சதவீதம் இப்படிப்பட்ட வேதிப்பொருள் தயாரிப்புக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் அதில் பல மரபணுக்கள் வேலை செய்வதே இல்லை. அவற்றை எழுப்பும் வழியைத்தான் இப்போது தேடுகிறார்கள்.